கிளம்பாத ராக்கெட், விரியாத பாரசூட், குட்டிக்கரணம் அடிக்கும் கிளைடர்: அறிகுறியைக் கொண்டு பழுதைக் கண்டறியும் முறை

ஓஹாயோ மாநிலத்தில் சோளம் அறுத்து முடிந்த வயல்களில் மாதிரி ராக்கெட் விடும் ஒரு குழுவில், ஏவுமேடைகளுக்குப் பின்னால் போட்டிருக்கும் பழுது பார்க்கும் மேசை பல ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கிறது. அந்த மேசைக்கு வரும் பழுதுகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. காலையில் ஒரு பிள்ளையின் ராக்கெட்டில் கண்ட கோளாறு மாலைக்குள் வேறு மூன்று ராக்கெட்டுகளில் வந்துவிடும். அவற்றை அறிகுறிவாரியாகப் பிரித்து, காசு செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு மிகுந்ததைக் கடைசியிலும் வைத்து எழுதுகிறேன். கடையில் வாங்கும் ஏ முதல் டி வகுப்பு வரையிலான கருமருந்து மோட்டார்களில் பறக்கும் காகிதக் குழாய் ராக்கெட்டுகளுக்கும் பால்சா மரக் கிளைடர்களுக்கும் இவை பொருந்தும்.

## மேசைக்கு வரும் முன்

திரும்பி வந்த ராக்கெட்டைத் துடைக்காமல், எரிந்த மோட்டார் உறையைப் பிடுங்கி எறியாமல், மோட்டாரைப் பற்றவைக்கும் இக்னைட்டர் கம்பியையும் கருகிய காகிதத்தையும் சேர்த்து அப்படியே கொண்டு வாருங்கள். பழுது எங்கே என்பதை அந்தக் கரியும் கிழிசலும்தான் சொல்கின்றன. துடைத்துச் சுத்தமாக்கிய ராக்கெட்டை வைத்துக்கொண்டு ஊகம்தான் செய்ய முடியும்.

மோட்டாரைக் குடைவதும், துளைப்பதும், மருந்தை மாற்றி அடைப்பதும் கூடாது. நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்ஃபோக் ஊரில் செருப்புக் கடை வைத்திருந்த ஓர்வில் கார்லைல் 1954-இல் தம் மாதிரி ராக்கெட்டையும் அதற்கான மோட்டாரையும் உருவாக்கினார். அந்த வழியில் வளர்ந்த இந்தப் பொழுதுபோக்கில், ஆயத்தமாக அடைத்து வரும் மோட்டாரை மாட்டிப் பறக்கவிட்டுப் பின் கழற்றிவிடுகிறோம். மருந்தைக் கையாலேயே தொடுவதில்லை. இதில் சேரும் பிள்ளைகளின் விரல்கள் முழுதாக இருப்பதற்குக் காரணம் அதுவே. எனவே கீழே எந்த இடத்திலும் மோட்டாரைப் "பழுது பார்க்கும்" வழி இருக்காது. சந்தேகமான மோட்டாருக்கு உரிய இடம் தண்ணீர் வாளி.

மோட்டாரின் மேல் உள்ள குறியீட்டைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பி6-4 என்றால், பி என்பது மொத்த ஆற்றலின் வகுப்பு. 6 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். 4 என்பது மருந்து எரிந்து முடிந்த பிறகு பாரசூட்டைத் தள்ளும் வெடிப்பு வரை உள்ள இடைவெளி, நொடியில். கடைசி எண் சுழியமாக இருந்தால் அது பலகட்ட ராக்கெட்டின் கீழ்க்கட்டத்துக்கு உரிய மோட்டார். அதில் தாமதமும் இல்லை, பாரசூட்டைத் தள்ளும் வெடிப்பும் இல்லை. அதை ஒற்றைக்கட்ட ராக்கெட்டில் தவறி மாட்டினால் ராக்கெட் பாரசூட் விரியாமல் தலைகுப்புற வந்து மண்ணில் குத்தும்.

## பொத்தானை அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லை

"மாமா, பட்டன அமுக்கினேன், ஒண்ணுமே ஆகல" என்று சொல்லிக்கொண்டே பிள்ளை மேடையை நோக்கி ஓடுவதுதான் இந்த இடத்தில் உள்ள பேராபத்து. கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து பாதுகாப்புச் சாவியை உருவுங்கள்; முழுதாக 60 நொடி காத்திருங்கள்; அதன் பிறகு சாவியைக் கையில் வைத்துக்கொண்டே மேடைக்குச் செல்லுங்கள். காத்திருக்கும் அந்த ஒரு நிமிடத்தில், சாவி செருகியிருந்தபோது பெட்டியின் விளக்கு எரிந்ததா என்பதை மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள். அடுத்த வழி அதைப் பொறுத்தது.

### விளக்கே எரியவில்லை என்றால்

ராக்கெட்டை மேடையிலிருந்து எடுத்துத் தள்ளி வையுங்கள். இக்னைட்டரின் கால்களைக் கவ்வும் இரண்டு கிளிப்புகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து, சாவியைச் செருகுங்கள். விளக்கு எரிந்தால் பெட்டியிலும் கம்பியிலும் குறையில்லை; கிளிப்பின் பற்களில் படிந்த கரியோ, அறுந்த இக்னைட்டரோதான் காரணம். கிளிப்பை உப்புத்தாளால் செம்பு மின்னும் வரை தேய்க்க வேண்டும்; ஒவ்வொரு ஏவுதலும் அதன் மேல் கரியைப் பூசுவதால், நாலைந்து முறைக்கு ஒரு தடவை இதைச் செய்வது வழக்கமாக வேண்டும். இக்னைட்டர் அறுந்திருக்கிறதா என்பதை மோட்டாருக்கு வெளியே எடுத்த பிறகே மல்டிமீட்டரால் பார்க்கலாம். மோட்டாருக்குள் இருக்கும்போது எந்தக் கருவியாலும் அதை அளக்கக் கூடாது.

கிளிப்புகளைத் தொடவைத்தும் விளக்கு எரியாவிட்டால் பேட்டரி, பேட்டரியைத் தாங்கும் சுருள்களின் துரு, சாவித் துளையின் தொடர்பு, கம்பியின் உட்புற முறிவு என்ற வரிசையில் பாருங்கள். கம்பி பெரும்பாலும் பெட்டியிலிருந்து வெளிவரும் வளைவில்தான் முறியும். அதை வெட்டி மறுபடி இணைக்கத் தெரியாதவர்கள் பெட்டியைப் பிரிக்காமல் புதிய பெட்டி வாங்கிக்கொள்வதே நல்லது.

### விளக்கு எரிகிறது, ஆனால் இக்னைட்டர் சூடாகவில்லை என்றால்

இது பலரையும் ஏமாற்றும். விளக்கு எரிவதற்குச் சிறிதளவு மின்னோட்டமே போதும். இக்னைட்டரின் முனை பழுக்கக் காய்வதற்கோ ஏறக்குறைய இரண்டு ஆம்பியர் வேண்டும். எனவே தளர்ந்த பேட்டரி விளக்கை எரிய வைத்துவிட்டு இக்னைட்டரைக் கைவிட்டுவிடும். புதிய அல்கலைன் பேட்டரிகளை மாற்றிப் பார்ப்பதுதான் முதல் சோதனை. குளிர்காலத்தில் பேட்டரியைக் கோட்டுப் பைக்குள் வைத்திருந்து, ஏவும் நேரத்தில் மட்டும் பெட்டியில் போடுங்கள்.

பேட்டரி புதியது என்றால் குனிந்து கிளிப்புகளைப் பாருங்கள். அவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தாலோ, இரண்டும் கீழே உள்ள தகட்டின் மேல் சாய்ந்திருந்தாலோ மின்சாரம் இக்னைட்டர் வழியே போகாமல் குறுக்கு வழியில் போய்விடும். விளக்கு மட்டும் பொய்யாக எரியும். இக்னைட்டரின் இரு கால்களே, அதை மோட்டாரில் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் செருகிக்கு மேலே உரசிக்கொண்டிருந்தாலும் இதே நிலைதான்.

### இக்னைட்டர் கருகியிருக்கிறது, மோட்டார் பற்றவில்லை என்றால்

மேசைக்கு வருகிறவற்றில் இதுவே அதிகம். மோட்டாரைத் தலைகீழாகப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால், நெருப்பு வெளிவரும் களிமண் மூக்குத் துளையின் அடியில் மருந்தின் கறுப்புப் பரப்பு தெரியும். இக்னைட்டரின் முனை அந்தப் பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒரு நெல்மணி அளவு இடைவெளி விழுந்தாலும் வெப்பம் காற்றிலேயே கரைந்துவிடும். முனையை அடிவரை இறக்கி, செருகியை விரலால் அழுத்தி, பிறகு கம்பிகளை லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். சரியாகச் செருகிய இக்னைட்டர் அசையாது.

பல சமயங்களில் செருகும்போது சரியாக இருந்து, கிளிப்பு மாட்டும்போது அதன் எடை இழுத்து முனையை மருந்திலிருந்து விலக்கிவிடுகிறது. கிளிப்புக் கம்பியை, ராக்கெட்டை நேராகப் பிடித்து நிற்கும் ஏவுகம்பியின் அடியில் ஒரு துண்டு மாஸ்க்கிங் டேப்பால் ஒட்டி எடையைத் தாங்கவிட்டால் இந்தப் பழுது பெரும்பாலும் மறைந்துவிடும். இரண்டு இக்னைட்டர்கள் முழுதாகக் கருகியும் பற்றாத மோட்டாரை மூன்றாவது முறை முயல வேண்டாம். துளையில் களிமண் துகள் அடைத்திருக்கக்கூடும் என்று ஆணியால் குத்திப் பார்க்கவும் வேண்டாம்.

## மோட்டார் எரிகிறது, ராக்கெட் கம்பியை விட்டுக் கிளம்பவில்லை

விலகியே நில்லுங்கள். மருந்து எரிந்து தீர்ந்த பிறகு தாமத நொடிகள் கழித்துப் பாரசூட்டைத் தள்ளும் வெடிப்பு மேடையிலேயே நிகழும். அது முடிந்து ஒரு நிமிடம் கழித்தே அருகே போகலாம். டி வரையிலான மோட்டார்களுக்கு ஏவும்போது 15 அடி தூரம் என்பது பாதுகாப்பு விதி. இந்த நிலையில் அதற்கு மேலும் விலகி நிற்பது நல்லது.

காரணங்கள் மேடையிலேயே இருக்கும். ஏவுகம்பியில் படிந்த கரி முதலாவது. உப்புத்தாளால் துடைத்தால் போகும். இரண்டு துண்டாகச் சேர்க்கும் கம்பியில் இணைப்பு இடத்தில் விரல் நகத்தை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் ராக்கெட்டும் தட்டும். அடுத்தது ராக்கெட்டின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் வழிகாட்டிக் குழல்: அதன் வாயில் பசையோ வண்ணமோ வழிந்து உறைந்திருக்கும், அல்லது இரண்டு குழல்கள் ஒரே கோட்டில் இருக்காது. வெறும் கம்பியில் ராக்கெட்டை மேலே தூக்கி விட்டால் தன் எடையாலேயே சரசரவென்று இறங்க வேண்டும். இத்தனையும் சரியாக இருந்து கிளம்பாவிட்டால் எடை அதிகம். அதன் கணக்கை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

## கிளம்பியது, ஆனால் நேராகப் போகவில்லை

எப்படிக் கோணியது என்பதைப் பொறுத்துக் காரணம் வேறுபடும். ஆகவே அடுத்த முறை ஒருவர் ராக்கெட்டையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். கைப்பேசியில் படம் பிடிப்பவருக்குப் பெரும்பாலும் புகைதான் கிடைக்கும்.

### கம்பியை விட்ட உடனே சாய்ந்து மெதுவாக ஏறுகிறது

ராக்கெட்டை முழு எடையோடு, மோட்டாரும் பாரசூட்டும் உள்ளே இருக்க, சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். பி6 மோட்டாரின் சராசரி உந்துவிசையான 6 நியூட்டன் ஏறத்தாழ 600 கிராம் எடையைத் தாங்கும் விசை. கிளம்பும் ராக்கெட்டின் எடை அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு, அதாவது 120 கிராமுக்கு, மேல் போகாமல் இருப்பது நல்ல அளவுகோல். அதற்கு மேல் போனால் கம்பியின் நுனியை அடையும்போது துடுப்புகள் காற்றைப் பிடித்து நிமிர்த்தும் அளவு வேகம் இருக்காது. வண்ணம் மூன்று பூச்சு, பசை தாராளம், அலங்காரத்துக்கு ஒட்டிய பிளாஸ்டிக் என்று எடை ஏறிய ராக்கெட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். உடற்குழாய்க்குள் பெரிய மோட்டார் நுழையாது என்றால் எடையைக் குறைப்பதைத் தவிர வழியில்லை.

### சீராக வளைந்து காற்று வரும் திசை நோக்கிப் போகிறது

இது பழுது அன்று. துடுப்புகள் தம் வேலையைக் கொஞ்சம் அதிகமாகவே செய்கின்றன. காற்று குறையக் காத்திருங்கள், அல்லது கம்பியைக் காற்று போகும் திசையில் ஓரிரு பாகை சாயுங்கள். செங்குத்திலிருந்து 30 பாகைக்கு மேல் சாய்க்கக் கூடாது. காற்று மணிக்கு 20 மைலைத் தாண்டினால் ஏவவே கூடாது.

### சுழன்று, உருண்டு, எந்தத் திசையிலும் நில்லாமல் ஓடுகிறது

நிலைப்பு இல்லை. அந்த ராக்கெட்டை அன்றைக்கு மறுபடி மேடையில் வைக்க வேண்டாம். முதலில் துடுப்பு ஏதேனும் உதிர்ந்ததா, ஆட்டம் கண்டிருக்கிறதா என்று பாருங்கள். துடுப்புகள் உறுதியாக இருந்தால் ஊசல் சோதனை செய்யுங்கள். இக்னைட்டர் இல்லாத புதிய மோட்டாரை உள்ளே வைத்து, பாரசூட்டையும் மடித்து வைத்து, ராக்கெட் சமனாகத் தொங்கும் இடத்தில் ஒரு நூலைக் கட்டி டேப் ஒட்டுங்கள். அந்த இடம்தான் ஈர்ப்பு மையம். இரண்டு மூன்று மீட்டர் நூலில் தலைக்கு மேலே வட்டமாகச் சுழற்றினால், நிலைப்புள்ள ராக்கெட் மூக்கை முன்னே வைத்துச் சீராகச் சுற்றும். நிலைப்பற்றது பக்கவாட்டில் புரளும் அல்லது வாலை முன்னே வைக்கும். எரியாத மோட்டாரை வைத்தே இதைச் செய்ய வேண்டும், ஏனெனில் கிளம்பும் நேரத்தில்தான் வால் பக்கம் மிகவும் கனமாக இருக்கிறது. காலி உறையை வைத்துச் சோதித்துத் தேறிய ராக்கெட் மேடையில் ஏமாற்றியதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

தேறாவிட்டால் மூக்குக் கூம்புக்குள் களிமண் சேருங்கள். ஈர்ப்பு மையம், காற்றின் விசை ஒன்றுசேர்ந்து தாக்கும் அழுத்த மையத்துக்கு முன்னால் குறைந்தது உடற்குழாயின் ஒரு விட்ட அளவு தள்ளி இருக்க வேண்டும். அழுத்த மையத்தைக் கணக்கிட 1960-களில் ஜேம்ஸ் பாரோமேன் வகுத்த சமன்பாடுகளைக் கணினி நிரல்கள் இன்றும் பயன்படுத்துகின்றன. நீங்களாக வடிவமைத்த ராக்கெட் என்றால் கணினியில் போட்டுப் பார்ப்பதோடு, குழுவில் பாதுகாப்புப் பொறுப்பு வகிப்பவரிடம் காட்டிய பிறகே ஏவுங்கள்.

## உயரம் போயிற்று, பாரசூட் விரியவில்லை

கூம்பு, மோட்டார் உறை, பாரசூட் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டால் இந்தப் பழுதில் ஒளிந்துகொள்ள இடமில்லை.

### கூம்பு மாட்டியபடியே இருக்கிறது, மோட்டார் உறையைக் காணோம்

வெடிப்பின் வாயு எளிதான பக்கமாகப் போயிருக்கிறது. கூம்பு இறுக்கமாகவும் மோட்டார் தளர்வாகவும் இருந்ததால், கூம்பு கழல்வதற்குப் பதில் மோட்டார் பின்வழியே பாய்ந்துவிட்டது. கூம்பைப் பிடித்து ராக்கெட்டைத் தொங்கவிட்டு மெல்லக் குலுக்கினால் உடற்குழாய் நழுவி இறங்க வேண்டும். தலைகீழாகப் பிடித்தால் மட்டும் கூம்பு தானாக விழக் கூடாது. இறுக்கமாக இருந்தால் கூம்பின் கழுத்தை உப்புத்தாளால் தேயுங்கள், தளர்வாக இருந்தால் ஒரு சுற்று மாஸ்க்கிங் டேப் சுற்றுங்கள். மழைநாளில் காகிதக் குழாய் ஈரம் உறிஞ்சிப் பருப்பதால், வீட்டில் சரியாக இருந்த கூம்பு வயலில் இறுகும். மோட்டாரைப் பிடிக்கும் உலோகக் கொக்கி வளைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். கொக்கி இல்லாத ராக்கெட்டில் மோட்டாருக்கு டேப் சுற்றி, கட்டை விரலால் முழு பலத்தோடு அழுத்தினால்தான் உள்ளே போகும் அளவு இறுக்க வேண்டும்.

### கூம்பு கழன்றது, பாரசூட் உள்ளேயே இருக்கிறது

பாரசூட்டைக் குழாய்க்குள் குச்சியால் குத்தி அடைத்திருப்பார்கள். ஊதினால் நகரும் அளவு தளர்வாகவே அது இருக்க வேண்டும்.

### பாரசூட் வெளியே வந்தது, விரியாமல் கட்டியாக விழுந்தது

அக்டோபர் மாதக் காலை ஒன்றில் ஒரு சிறுமியின் சிவப்பும் வெள்ளையுமான பாரசூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உருகவில்லை, கருகவில்லை, நூல்களும் சிக்கவில்லை. ஆனாலும் மடித்த மடிப்பு அப்படியே விறைத்து, பிரித்துவிட்டால் மறுபடி தானாகச் சுருண்டுகொண்டது. முந்தின இரவே ஆசையோடு மடித்து ராக்கெட்டுக்குள் வைத்திருந்தாள். மெல்லிய பிளாஸ்டிக் குளிரில் மடித்தபடி கிடந்தால் அந்த வடிவத்தையே பிடித்துக்கொள்ளும். பாரசூட்டை ஏவுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்புதான் மடிக்க வேண்டும். மடிக்கும் முன் முகப்பவுடரை இருபுறமும் தூவித் தேய்த்துவிட வேண்டும். அவளுடைய பாரசூட்டுக்கு அதைத்தான் செய்தோம். அடுத்த முறை அது கூம்பு கழன்ற கணத்திலேயே மலர்ந்தது.

இது ஒரு பக்கம். நூல்கள் முறுக்கிச் சிக்கியிருந்தால், பாரசூட்டுக்கும் கூம்புக்கும் நடுவில் தூண்டில் கடையில் கிடைக்கும் சுழலும் கொக்கி ஒன்றை மாட்டினால் முறுக்கு அவிழ்ந்துகொள்ளும்.

### பாரசூட்டில் ஓட்டை, உருகிய திட்டு, பழுப்பு நிறம்

பாரசூட்டுக்குக் கீழே வைக்கும் தீப்பிடிக்காத காகிதம் போதவில்லை. அதைக் கசக்கித் தளர்வாக, குழாயின் சுவர் முழுவதையும் தொடும்படி, குழாய் விட்டத்தைப் போல ஒன்றரை இரண்டு மடங்கு ஆழத்துக்கு வைக்க வேண்டும். இறுக உருட்டிய ஒற்றை உருண்டை பயன்படாது. சூடான வாயு அதன் ஓரமாகப் புகுந்து வந்துவிடும். சாதாரண மெல்லிழைத் தாளையும் செய்தித்தாளையும் வைக்கவே கூடாது. அவை எரிந்துகொண்டே வயலில் விழுந்து காய்ந்த தட்டையைக் கொளுத்திவிடும்.

### இணைப்பு நாடா அறுந்தது, அல்லது குழாயின் வாய் நீளமாகக் கிழிந்தது

கூம்பையும் குழாயையும் இணைக்கும் ரப்பர் நாடா இரண்டு மூன்று ஆண்டுகளில் வெடிப்பு விட்டுவிடும். பருவத்தின் தொடக்கத்தில் அதை நன்றாக நீட்டி வெயிலில் பாருங்கள். நுண்ணிய கீறல் தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

குழாயின் வாயிலிருந்து கீழ்நோக்கி நாடா அறுத்துக்கொண்டு போன கிழிசல் இருந்தால், காரணம் நாடா அன்று, தாமத எண். ராக்கெட் உச்சியில் ஏறக்குறைய நின்று திரும்பும் கணத்தில் பாரசூட் வர வேண்டும். இன்னும் வேகமாக ஏறும்போதோ, தலைகீழாகப் பாயும்போதோ வந்தால் அந்த வேகம் முழுவதும் நாடாவின் மேல் விழுகிறது. ஏறும்போதே வெடித்தது என்றால் அடுத்த பெரிய தாமத எண்ணையும், இறங்கும்போது வெடித்தது என்றால் சிறிய எண்ணையும் வாங்குங்கள். சி6-7 போட்ட கனமான ராக்கெட்டுக்கு சி6-5 பொருந்தலாம். மேலும், நாடா குட்டையாக இருந்தால் கூம்பு எகிறிப் போய்த் திரும்பி வந்து குழாயில் மோதும். ராக்கெட்டின் நீளத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு நாடா இருக்கட்டும். கிழிந்த வாய்ப் பகுதியை வெட்டிவிட்டு அதே விட்டமுள்ள குழாய்த் துண்டை உள் இணைப்புக் குழலோடு ஒட்டலாம். செலவு குறைவு, ஆனால் ஒட்டிய பிறகு ஈர்ப்பு மையத்தை மறுபடி பார்க்க வேண்டும்.

## மோட்டாரே வெடித்தது

உந்துவிசைக்குப் பதிலாக ஒரே கணத்தில் பெருஞ்சத்தம், சிதறிய களிமண், பிளந்த உறை. ராக்கெட்டில் நீங்கள் செய்த பிழை இதற்குக் காரணமாக இருப்பது அரிது. மோட்டாரை வைத்திருந்த இடம்தான் பெரும்பாலும் காரணம். ஜூலை வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்து, இரவில் குளிர்ந்து, மறுநாள் மறுபடி சூடேறிய மோட்டாரில் மருந்து உறையிலிருந்து விலகியோ விரிசல் விட்டோ இருக்கும். தீ அந்த இடைவெளியில் பாய்ந்து ஒரே நேரத்தில் அதிகப் பரப்பை எரிக்கும்போது உறை தாங்காது. கீழே விழுந்து அடிபட்ட மோட்டாரும் அப்படியே.

அதே பாக்கெட்டில் மிஞ்சிய மோட்டார்களை அன்றைக்குப் பயன்படுத்த வேண்டாம். வெடித்த உறையில் அச்சிட்ட தேதிக் குறியீட்டைக் குறித்து வைத்து உற்பத்தியாளருக்கு எழுதுங்கள். 1957-இல் தொடங்கிய அமெரிக்கத் தேசிய ராக்கெட்டரி சங்கம் இத்தகைய மோட்டார்க் கோளாறுகளைத் தொகுத்து வருகிறது. உங்கள் அறிக்கை வேறொரு வயலில் ஒரு பிள்ளையைக் காக்கக்கூடும் என்பதால் சோம்பாமல் அனுப்புங்கள்.

## கிளைடர் ஏறும்போதே குட்டிக்கரணம் அடிக்கிறது

முன்னால் மோட்டார்க் கூடும் பின்னால் பால்சா இறக்கையும் கொண்டு, உச்சியில் கூட்டை உதறிவிட்டு மிதந்து இறங்கும் கிளைடர்களுக்கு இது பொதுவான நோய். மிதப்பதற்கு வேண்டிய இறக்கைக் கோணமே ஏறும் வேகத்தில் மூக்கை மேலே தூக்குகிறது. எனவே இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசத்தைத்தான் தேடுகிறோம்.

முதலில் மோட்டார்க் கூட்டை ஆட்டிப் பாருங்கள். கொக்கியில் ஆட்டம் இருந்தால் உந்துவிசையின் கோடு ஒவ்வொரு முறையும் மாறும். ஒரு துண்டுக் காகிதத்தை இடையில் ஒட்டி ஆட்டத்தை நிறுத்துங்கள். அடுத்து, முன்னிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு இறக்கையின் விளிம்போடு பார்வையை ஓட்டுங்கள். ஓர் இறக்கை முறுக்கியிருந்தால் கெட்டிலின் ஆவியில் காட்டி, எதிர்ப்புறம் மெல்ல வளைத்து, ஆறும் வரை பிடித்திருங்கள்.

இவை சரியென்றால் கரணம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். முதுகுப்பக்கமாக மல்லாந்து கரணம் அடித்தால் கூட்டின் மூக்கில் எடை சேருங்கள், அல்லது வால் தட்டையின் மேல்நோக்கிய வளைவைக் குறையுங்கள். வயிற்றுப்பக்கமாகக் கவிழ்ந்தால் கூட்டைத் தாங்கும் கழுத்து உயரமாக இருக்கிறது. அதைக் குறைத்து மறுபடி கட்ட வேண்டியிருக்கும். மோட்டாரை மாற்றுவது கடைசி வழி என்றாலும் பலன் தரும்: சி வகுப்பில் கரணம் அடிக்கும் கிளைடர் ஏ8-3 மோட்டாரில் ஒழுங்காக ஏறுவதைப் பார்க்கலாம்.

## கூடு பிரியவில்லை, அல்லது பிரிந்து கிளைடரோடு சிக்கிக்கொண்டது

கூட்டைக் கையில் பிடித்து மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தினால் கிளைடர் அதில் உட்கார்ந்திருக்க வேண்டும். மூக்கைக் கீழே திருப்பினால் தன் எடையாலேயே நழுவி விழ வேண்டும். விழாவிட்டால் கொக்கியில் மெழுகு தேயுங்கள், வழிந்த பசையைச் சுரண்டுங்கள்.

பிரிந்தும், கூட்டை மெல்ல இறக்கும் நாடா கிளைடரின் வாலில் சுற்றிக்கொண்டு இரண்டும் சேர்ந்து விழுவதை அமெரிக்க ஆர்வலர்கள் "ரெட் பேரன்" என்று அழைப்பார்கள். நாடாவைத் தளர்வாகத் திணிக்காமல் விசிறிபோல் மடித்து இறுக்கமாக வையுங்கள். அது அவிழும் முன் கூடு விலகிவிடும். கிளைடரின் மேல் கூர்மையாக நீட்டிக்கொண்டிருக்கும் மூலைகளை உருட்டித் தேயுங்கள். தாமத எண்ணையும் பாருங்கள்: கிளைடருக்குக் காற்றின் எதிர்ப்பு அதிகம் என்பதால் விரைவில் வேகம் இழக்கும், ஐந்து நொடிக்குப் பதில் மூன்றோ இரண்டோ போதும். ஏ8-5 போட்டால் கிளைடர் உச்சியைத் தாண்டிக் கவிழ்ந்து பாயும்போது பிரிந்து, சில சமயம் இறக்கையையே இழக்கும்.

## பிரிந்தது, ஆனால் மிதக்கவில்லை

இதற்குரிய வேலை ஏவுமேடையில் இல்லை. காற்றில்லாத அதிகாலையில், உயரமான புல்லின் மேல், கையால் எறிந்து பார்ப்பதில் இருக்கிறது. நெடுநேரம் செலவிட வேண்டிய இடமும் இதுதான், மிகவும் இன்பம் தருவதும் இதுதான். தோள் உயரத்தில் பிடித்து, இறக்கைகள் சமனாக இருக்க, சுமார் 15 மீட்டருக்கு அப்பால் தரையில் ஒரு புள்ளியை நோக்கி மெல்ல விடுங்கள். வீச வேண்டாம்.

மூக்கு தூக்கி, தயங்கி, தலைகுனிந்து, மறுபடி தூக்கினால், மூக்கில் ஒரு மிளகளவு களிமண் ஒட்டுங்கள். குறையவில்லையென்றால் இன்னொரு மிளகு; சரியாகும் நிலைக்கு அருகில் வந்ததும் கடுகளவாகக் குறைத்துக்கொள்ளுங்கள். நேராகக் கீழே பாய்ந்தால் களிமண்ணை எடுங்கள்; எடுக்க ஒன்றுமில்லையென்றால் வால் தட்டையின் பின்விளிம்பில் வாயால் ஊதி ஈரப்படுத்தி, விரலால் மேல்நோக்கி மயிரிழை அளவு வளையுங்கள். ஒரே பக்கமாகச் சுருண்டு விழுந்தால் முறுக்கிய இறக்கையைத் தேடுங்கள். முறுக்கு இல்லையென்றால் எதிர்ப்பக்க இறக்கையின் நுனியில் கடுகளவு எடை போதும். மிக விரிந்த வட்டத்தில் சுற்றி இறங்கும் கிளைடர்தான் வயலுக்குள்ளேயே திரும்பக் கிடைக்கும் என்பதால், லேசான வளைவை விட்டுவைப்பது நல்லது.

கையில் அழகாக மிதந்து, உயரத்திலிருந்து மட்டும் செங்குத்தாகப் பாய்ந்து நொறுங்கும் கிளைடர் ஒன்று உண்டு. இறக்கைக்கும் வாலுக்கும் இடையே கோண வேறுபாடு போதாததால், ஒருமுறை வேகம் பிடித்துவிட்டால் அது நிமிர முடிவதில்லை. வாலின் மேல்நோக்கிய வளைவைச் சற்றுக் கூட்டி, அதனால் வரும் தயக்கத்தை மூக்கில் களிமண் சேர்த்து ஈடுசெய்யுங்கள். இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் முந்தைய பத்திக்கே திரும்பி வருவீர்கள்.

## கூட்டை உதறாத ராக்கெட் கிளைடரில் இறக்கை திறக்கவில்லை

எல்லாப் பகுதிகளும் சேர்ந்தே இறங்கும் ராக்கெட் கிளைடரில், ஏறும்போது மடங்கியோ உடலோடு ஒட்டித் திரும்பியோ இருக்கும் இறக்கை, மோட்டாரின் வெடிப்பு ஒரு நூலை எரித்ததும் ரப்பர் இழுத்துத் திறக்க வேண்டும். திறக்காமல் விழுந்ததை எடுத்ததும் நூலைத்தான் பார்க்க வேண்டும். உருகி உருண்டையாகி ஒட்டியிருந்தால் அது நைலான். பருத்தி நூலுக்கு மாறுங்கள். எரியாமல் முழுதாக இருந்தால் வெடிப்பின் பாதைக்கு ஓரமாகப் போயிருக்கிறது. குழாயின் நட்ட நடுவே செல்லும்படி துளைகளை மாற்றுங்கள். எரிந்தும் திறக்கவில்லையென்றால் ரப்பர் சோர்ந்திருக்கிறது, அல்லது கீல் இறுகியிருக்கிறது. மேசையில் நூலை பிளேடால் அறுத்து, இறக்கையின் மேல் ஒரு விரலால் லேசான எதிர்ப்புக் கொடுத்து, அப்போதும் முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள். ஐந்து முறைக்கு ஐந்து முறையும் திறந்தால் மட்டுமே மேடைக்குக் கொண்டு போகலாம்.

## நீங்கள் தொடக் கூடாதவை

மின்கம்பியில் மாட்டிய ராக்கெட்டைக் கழியாலோ நூலாலோ எடுக்க முயலக் கூடாது. மின்வாரியத்தாரிடம் சொல்லிவிட்டு, அவர்கள் எடுத்துத் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். உயர்ந்த மரத்தில் மாட்டியதும் அப்படியே. வயலில் தீப்பிடித்தால் முதலில் பிள்ளைகளை விலக்கி, கையிலுள்ள தண்ணீரால் அணையாத கணத்திலேயே தீயணைப்புத் துறையை அழையுங்கள். பலகட்ட ராக்கெட்டில் மேல்கட்டம் பற்றாமல் எரியாத மோட்டாரோடு விழுந்து கிடந்தால், அந்த மோட்டாரின் மூக்குத் துளைக்கு நேரே நிற்காமல், அனுபவமுள்ளவர் வரும் வரை யாரையும் அருகே விடாதீர்கள். எச் வகுப்பும் அதற்கு மேலும் உள்ள மோட்டார்களுக்குத் தேர்வும் சான்றிதழும் உண்டு. அவற்றின் பழுதுகளைச் சான்றிதழ் பெற்றவரிடமே கேளுங்கள்.

பற்றாத, அடிபட்ட, நனைந்த கருமருந்து மோட்டார்களை அன்று மாலையே வாளித் தண்ணீரில் போட்டுவிடுங்கள். காகித உறை பிரிந்து மருந்து சேறாகக் கரையும் வரை, வேண்டுமானால் இரண்டு மூன்று நாள்கள், பிள்ளைகளும் செல்லப்பிராணிகளும் எட்டாத இடத்தில் ஊறவிட்டு, பிறகு குப்பையில் சேருங்கள்.